நத்தை பார்த்த விண்மீன் மண்டலம்

பாறைமேட்டு வானம் பார்ப்போர் சங்கத்தில் நத்தையும் உறுப்பினர்தான். ஆனால் அது ஊர்ந்து மேலேறுவதற்குள் ஒவ்வொரு கூட்டமும் கலைந்துவிடும். அன்றும் எல்லோரும் எதிரே இறங்கி வந்தார்கள். நத்தைக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை.

மேலே முயல் மட்டும் தொலைநோக்கியை மடக்காமல் உட்கார்ந்திருந்தது.

"வாங்க, நிலா வர்றதுக்குள்ள பாத்துடுங்க."

"எனக்காகவா இருந்தீங்க? ரொம்பத் தாமதமாயிடுச்சே!"

"அந்த விண்மீன் மண்டலத்து வெளிச்சம் புறப்பட்டு இருபத்தஞ்சு லட்சம் வருஷமாச்சு. அதுவே இப்பத்தான் வந்து சேருது."

நத்தை கண்ணை நீட்டிப் பார்த்தது. புகைபோல ஒரு வெளிச்சம் தெரிந்தது. முயலுக்கு நன்றி சொல்ல வாயெடுத்த நத்தை, முதலில் அந்த வெளிச்சத்திடம், "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கியே, ரொம்பக் களைப்பா இருக்கா?" என்று கேட்டது.