கடைசிச் சீட்டு

"கேட்டியா வல்லி அநியாயத்தை! வடகிழக்குக்காராளுக்கு வீடு வாடகைக்கு விடப்படாதாம். பிளாக் தலைவன் விதி போடப் போறானாம், பெரிய விதி!"

பட்டாபி டம்ளரை மேஜைமேல் வைத்த வேகத்தில் பாதிக் காப்பி சிந்திவிட்டது.

சுந்தரவல்லிக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. தில்லி ஜனக்புரியில் அவர்கள் பிளாக்கில் தமிழ் வீடு என்றால் இவர்களுடையது ஒன்றுதான். வடகிழக்கு என்றால் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் மாவி ஒருத்திதான். மிசோரம் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். விதி நிறைவேறினால் மாதக் கடைசிக்குள் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? கருவாடு சமைக்கிறாள். வாசனை படியிறங்கி வருகிறதாம்.

"பிளாக்கில அத்தனை பேரும் அவ கையால ஓசியில ஊசி போட்டுண்டவா. அப்போ மட்டும் நாறலையாமா?" என்றாள் வல்லி.

"எனக்கும்தான் அந்த வாசனை ஆகாது. மூக்கைப் பிடிச்சுண்டுதான் படி ஏறறேன். அதுக்காக ஒரு பொண்ணைத் தெருவில நிறுத்தறதா? கரோல் பாகில நாம வீடு தேடி அலைஞ்சப்போ, மதராசிக்குக் கிடையாது, உங்க ரசம் நாத்தம் தாங்கலைன்னு ஒருத்தன் கதவைச் சாத்தினானே, மறந்துடுவேனா? சாயங்காலம் மீட்டிங்கில ஒரு பிடி பிடிக்கறேன் பார்!"

"பிடிங்கோ. ஆனா கையைத் தூக்குன்னா, தலைவர் முகத்தைப் பார்த்துண்டு எல்லாரும் தூக்கிடுவா. ரகசிய ஓட்டு வைக்கச் சொல்லுங்கோ."

"அதானே! இத்தனை வருஷம் மினிஸ்ட்ரியில குப்பை கொட்டினது எதுக்கு? எத்தனை எலெக்ஷன் டியூட்டி பார்த்திருக்கேன்!"

அப்போதே உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதி முடித்தார் மனிதர். வல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் பார்க்கில் நாற்காலி போட்டு எல்லா வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். மாவி டியூட்டி உடுப்போடு ஓரமாக நின்றாள். வாடகைக்காரிக்கு ஓட்டும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

தலைவர் மல்ஹோத்ரா எழுந்து இந்தியில் ஆரம்பித்தார். "நம்ம பிளாக் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள கண்டவங்க எதுக்கு? அச்சா, சம்மதம்னா கையைத் தூக்குங்க. ஜல்தி முடிச்சிடலாம்."

பட்டாபி எழுந்தார். பேசினார் பாருங்கள், அவருடைய இந்தி அன்றைக்கு அப்படி ஓடியது!

"இந்த ஊர் யார் பாட்டன் சொத்து? உங்க அப்பா லாகூர்லேர்ந்து கட்டின துணியோட வந்தார். நான் ஒரு டிரங்குப் பெட்டியோட வந்தேன். வந்தவங்க எல்லாரும் சேர்ந்ததுதான் தில்லி! இன்னிக்கு மாவியைத் துரத்துவீங்க, நாளைக்கு யாரை? அரசியல் சட்டம் பார்லிமெண்ட் வாசலோட நின்னுடுமா, நம்ம படி ஏறி வராதா?"

பலமான கைதட்டல். மல்ஹோத்ராவின் முகம் சிவந்துவிட்டது.

"ரகசிய ஓட்டு வைங்க! வீட்டுக்கு ஒரு சீட்டு. விதி வேணும்னா 'ஹாங்', வேண்டாம்னா 'நஹி'. பாதிக்கு மேல 'ஹாங்' வந்தாத்தான் விதி. சீட்டில பேரோ வேற அடையாளமோ இருந்தா அது செல்லாது!" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார் பட்டாபி.

யாரும் மறுக்கவில்லை. யாரோ வீட்டு பிஸ்கட் டப்பா ஓட்டுப்பெட்டி ஆயிற்று. எண்ணுகிற வேலையை மல்ஹோத்ராவே வல்லியிடம் கொடுத்தார். "ஆன்ட்டிஜி பொய் சொல்ல மாட்டாங்க" என்றார்.

வல்லி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தாள். நஹி. ஹாங். ஹாங். நஹி. இப்போதுதானே இத்தனை பேர் கைதட்டினார்கள்! அதற்குள் இத்தனை ஹாங் எங்கிருந்து வந்தது?

இரண்டு பக்கமும் சமமாக நின்றது. டப்பாவில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு. மாவி உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வல்லி சீட்டைப் பிரித்தாள். பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க ஆன்ட்டிஜி!"

"ஹாங்" என்றாள்.

"விதி பாஸ்!" மல்ஹோத்ரா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

பட்டாபி நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எவன் அந்தத் துரோகி? முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாத கோழை! வெட்கமா இல்லை?"

மாவி படிக்கட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"மாவி, நில்லு!" வல்லி போட்ட சத்தத்தில் பார்க்கே அடங்கிவிட்டது. "இந்தச் சீட்டு செல்லாது. இதில அடையாளம் இருக்கு. இதைக் கழிச்சா ரெண்டு பக்கமும் சமம். உங்க விதி தோத்துப்போச்சு."

மல்ஹோத்ரா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "என்ன அடையாளம்? ஹாங்னு தெளிவா இருக்கு. மேல ஏதோ சின்னதா ஒரு வளைசல். பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்திருப்பாங்க. இதை வெச்சு ஆள் யாருன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியும்" என்றாள் வல்லி. பட்டாபியின் கை அவரையறியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பொத்திக்கொண்டது.

"அது கிறுக்கல் இல்லை, பிள்ளையார் சுழி. அதைப் போடாம ஒரு எழுத்து எழுதாத கை இந்த பிளாக்கில ஒண்ணே ஒண்ணுதான். அது என் வீட்டுக்காரர் கை."