பேசாத செஸ்

ஹட்டன் கம்ப்யூட்டர் கடையில் அழகுமுத்துவின் முன்னால் இரண்டு செஸ் சீடிகள் கிடந்தன.

ஒன்று யாரிடமும் தோற்காது. மற்றது ஆடுகிறவரின் தரத்துக்கு இறங்கி வரும். தப்பாக நகர்த்தினால் ஏன் தப்பு என்றும் சொல்லித் தரும். தேற நினைப்பவருக்கு இரண்டாவதுதான் என்றார் கடைக்காரர் கஜேந்திரன்.

போட்டும் காட்டினார். திரையில் குதிரை தாவியது. அது போய் நின்ற கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் ஸ்பீக்கரில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

அழகுமுத்து சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். மழையில் குடைகள் போய்க்கொண்டிருந்தன.

பேசாத சீடியை எடுத்தான்.

கஜேந்திரன் சிரித்தார். “அது உங்கள அடிச்சுக்கிட்டே இருக்கும் சார். லயத்துல கூட ஆட ஒரு ஆளு இல்லியா?”

இல்லை என்றான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ், அடுத்த காம்பரா வீட்டில் வீரய்யா இருந்தான்.

வீரய்யா கொழும்பில் கடைவேலை பார்த்தபோது இருவரும் ஞாயிறுதோறும் டெலிபோனில் செஸ் ஆடினார்கள். இவன் ஹட்டனிலிருந்து ஓர் எழுத்தும் எண்ணும் சொல்வான். அவன் யோசித்து ஒன்று சொல்வான். கொழும்பில் குண்டு வெடித்த வாரம், பக்கத்தில் நின்று கேட்ட யாரோ அதைச் சங்கேதம் என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். வீரய்யாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அது வெறும் விளையாட்டு என்று போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீரய்யாவின் தாய் காளியாயி வந்து வாசலில் நின்று அழுதாள். அழகுமுத்துவுக்கு அப்போதுதான் ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான்.

வீரய்யா வெளியே வர ஐந்து வருடங்கள் ஆயின. எவ்வளவு அடித்தும் அழகுமுத்துவின் பெயரை அவன் சொல்லவில்லையாம். காளியாயி அதை லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் வந்து ஒரு மாதம் ஆகிறது. அழகுமுத்து இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு சீடியைப் போட்டான். ஸ்பீக்கரின் வயரையும் பிடுங்கிவிட்டான். முதல் ஆட்டத்தில் சீக்கிரமே தோற்றான். இரண்டாவதற்குக் காய்களை அடுக்கினான்.

காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“முத்து, குதிரை. எஃப் அஞ்சு.”

ஐந்து வருடங்களுக்கு முன்பு, கடைசி ஞாயிற்றுக்கிழமை, அழகுமுத்து நகர்த்திய காய்க்கு அது பதில்.