தந்த விசிறி

அரண்மனையில் கவிதை வாசிக்க வந்த எங்கல்பெர்ட், சீமாட்டியின் தோழி ஹெட்விக்கிடம் நேரே போய் நின்றான்.

"அம்மணி, போன வாரம் நான் வாசிக்கும்போது இந்த யானைத் தந்த விசிறியை மூணு தடவை 'டக்'குனு கீழே விட்டீங்களே, கவனிச்சேன்!"

ஹெட்விக்குக்குப் பகீரென்றது. "கவனிச்சுட்டீங்களா?"

"நான் மட்டுமா? சபையே கவனிச்சுது. மனசு உருகினாத்தான் இப்படிக் கை நழுவும்னு ஒரே பேச்சு. லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் ஒருத்தர் புத்தகமாவே போடறேன்னுட்டார்!"

"அடடே, ரொம்ப சந்தோஷம்," என்றாள் ஹெட்விக், மூச்சு திரும்பியவளாக.

"அதனால நீங்க விசிறியை விட்ட அந்த மூணு இடத்தையும் மூணு மடங்கு நீட்டி எழுதிட்டு வந்திருக்கேன். கேட்டுட்டுச் சொல்லுங்க!"

அவன் காகிதக் கட்டோடு துள்ளிக்கொண்டு போனான். ஹெட்விக் சீமாட்டியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, காதோடு விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு மடங்கா!" சீமாட்டி இப்போதே கொட்டாவி விட்டாள். "அப்போ விசிறிச் சத்தத்துக்கெல்லாம் நான் எழுந்திருக்க மாட்டேன்டி. குறட்டை கேட்டுதுன்னா, பேசாம அந்தப் பீங்கான் ஜாடியைப் போட்டு உடைச்சிடு!"