ஆமை மேல் போன மீனவன்

"ஆடாம உக்காந்து கேளுடா பிரசாந்த். நாளைக்கு டீச்சர் இந்தக் கதையைத்தான் கேப்பாங்க" என்று அதட்டியபடி படப் புத்தகத்தை விரித்தாள் சுகுணா.

"ஜப்பான்ல ஒரு மீனவன் ஆமையைக் காப்பாத்துனானாம். அது அவனை முதுகுல ஏத்தி, கடலுக்கடியில இருந்த அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போச்சாம்."

"அவனுக்கு மூச்சு முட்டலையாம்மா?"

"குறுக்க பேசாத. மூணு நாள் விருந்து சாப்பிட்டுட்டு ஊருக்குத் திரும்புனா, இங்கிட்டு முந்நூறு வருஷம் ஓடிப்போச்சாம்."

"அப்ப அவனோட ஆதார் கார்டு செல்லுமா?"

சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர்கிட்ட இப்படி ஒளறி வைக்காத. கதை ரொம்ப நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு."

மறுநாள் கந்தர்வக்கோட்டையில், தன்னைப் பெண் பார்க்க வந்திருந்த இருபத்தொன்பது வயது பிரசாந்திடம் காபியை நீட்டினாள் நித்யா டீச்சர்.

"நான் எழுதி வரைஞ்ச புத்தகத்தைத் தரகர்கிட்ட குடுத்து விட்டேனே, படிச்சீங்களா?"

சுகுணா மகனின் தொடையைக் கிள்ளினாள். பயனில்லை.

"கதை நல்லாருக்குங்க. ஆனா ஏழாம் பக்கத்துல ஆமைக்கு அஞ்சு காலு இருக்கு."

இந்தச் சம்பந்தமும் போச்சு என்று சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள்.

நித்யா சிரித்துவிட்டாள். "அச்சாகி வந்தப்புறம்தான் நானே பாத்தேன். இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் சூப்பர்னுதான் சொன்னாங்க."

பிறகு தன் அப்பாவிடம் திரும்பினாள்.

"இவங்க ஒருத்தர்தாம்ப்பா புத்தகத்தைத் திறந்து பாத்திருக்காங்க. எனக்குச் சம்மதம்."