ஆபத் சந்நியாசம்

"நெஜமாவே அந்த வார்த்தையை நான் சொன்னேனா, சாஸ்திரிகளே?"

சந்திரசேகர சாஸ்திரிகள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐசியூவுக்குள்ள ஒருத்தரைத்தான் விடுவேன்னுட்டா மாமா. மந்திரத்தைக் காகிதத்துல எழுதிக் குடுத்தேன். மாமி உள்ளே போனா. வெளியே வந்ததும் 'ஆச்சா'ன்னு கேட்டேன். தலையை ஆட்டினா. மறுநாளே நீங்க கண்ணைத் தொறந்துட்டேளே!"

வெங்கடராமன் கழுத்தைத் தடவிக்கொண்டார். குழாய் செருகிய இடம் இன்னும் வலித்தது. சாகக் கிடக்கிறவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டால் அது இன்னொரு பிறவி. தேடி வந்த எமனுக்கு ஆள் அகப்பட மாட்டான். கேள்விப்பட்டிருக்கிறார். பிழைத்து எழுந்தவன் என்ன செய்வது என்றுதான் கேட்டு வைக்கவில்லை.

"அதுக்கு அர்த்தம்தான் என்ன?"

"சந்நியாசம்னா முழுக்கக் கீழே வெச்சுடறது. கையில இருக்கறதை, மனசுல இருக்கறதை, பேரைக்கூட. 'என்னால் விடப்பட்டது'ன்னு மூணு தரம் சொல்லணும். முதல்ல முணுமுணுப்பா, அப்புறம் நடுவா, கடைசியா உரக்க. சொன்னவாளுக்கு ஆம்படையான், பொண்டாட்டி, பிள்ளை எதுவும் இல்லை. ஆத்துல தங்கப்படாது."

"போய் எங்கேய்யா தங்கறது? அல்சூர் ஏரிக்கரையில உக்காந்தா கார்ப்பரேஷன்காரன் எழுப்பி விட்டுடுவான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்துக் கதவோரம் மனைவி யசோதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் பார்வை வெங்கடராமன் மேல் பட்டு, அவரைத் தாண்டிச் சுவருக்குப் போனது.

சாஸ்திரிகள் அவசரமாகக் கிளம்பினார்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த மகள் ஷோபா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்கம்மாவுக்கு என்னடி ஆச்சு?"

"பத்து நாளா இப்படித்தாம்பா. அடுப்பு பக்கமே வரதில்லை. காலம்பற பூக்காரி வாசல்ல நின்னு, 'யசோதம்மா, ஹூவு பேக்கா'ன்னு கன்னடத்துல நாலு தரம் கூப்பிட்டா. அம்மா அங்கேயேதான் நிக்கறா. வேற யாரையோ கூப்பிடற மாதிரி பார்த்துண்டிருக்கா."

"முப்பத்தாறு வருஷமா ஒரு நாள் பூ வாங்காம இருந்ததில்லையே."

"பயம்ப்பா. நீங்க வீட்டை விட்டுப் போயிடுவேளோன்னு."

அவருக்கும் அதே பயம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து யசோதா அவரைத் தொடவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டாள். அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. சொந்த வீட்டில் தானே ஆவியாகிப் போனது போல இருந்தது. இந்த வீடு வேண்டும். இவள் வேண்டும். அதற்காகத்தானே பிழைத்தது?

மறுநாள் காலை, ஷோபா பால் வாங்கப் போயிருந்தாள். யசோதா தோட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தாள். கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை, கையில் வளையல் இல்லை. விதவைக் கோலம். அவர் உயிரோடு இருக்கும்போதே!

"யசோதா."

அவள் திரும்பவில்லை. அவர் முன்னால் போய் நின்றார்.

"இதோ பார். நான் எங்கேயும் போறதா இல்லை. எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. நினைவில்லாம சொன்னதுக்கெல்லாம் சாஸ்திரம் கிடையாது. பாவம்னா அது என்னோட போகட்டும்."

அவள் நிதானமாக அவரைப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது போல.

"நீங்க போக வேண்டாம்" என்றாள். "நீங்க சொல்லவே இல்லை. காதுல ஓதிப் பார்த்தேன், உங்க நாக்கு எழும்பலை. நேரம் போயிண்டே இருந்தது. மூணு தரமும் நான்தான் சொன்னேன்."

படியிறங்கி வெளியே போனாள். கேட்டைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஏந்தினாள்.

"ஐயா, பிக்ஷை இருந்தா போடுங்கோ."