டிரம்ஸ் பற்றி ஒரு வரி

முகம் முழுக்க நுரை அப்பியிருக்கும்போது யாராலும் எதிர்வாதம் செய்ய முடியாது. சலூன்காரருக்கு அது நன்றாகத் தெரியும். பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏன் சார், அந்த டிரம்ஸ்காரரு உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாரு?"

நாற்காலியில் இருந்தவர் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவர். அந்த நாலு பேர் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். விமர்சகர்களோ, முதல் ஆல்பத்தின் கால்தூசிக்கு வராது என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். இவர் முழுப் பக்கத்துக்குக் கிழித்திருந்தார்.

சலூன்காரர் அந்தக் குழுவின் ரசிகர் மன்றச் செயலாளர். அவருக்குப் பட்டப்பெயரே 'மன்றம்'தான்.

பாட்டு வரிகள் பழசு, கிட்டாரில் சத்தம் இருக்கிறது சரக்கு இல்லை, பாடகர் தொண்டையைக் காட்டுகிறாரே தவிர மனசைக் காட்டவில்லை என்றெல்லாம் எழுதியதை மன்றம் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அவரால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த முழுப் பக்கத்தில் டிரம்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"பக்கவாதம் வந்து விழுந்த மனுஷன் சார். இனிமே அவ்வளவுதான்னு எல்லாரும் கைகழுவிட்டாங்க. எழுந்து வந்து வாசிச்சிருக்காரு. மத்த விமர்சகருங்க ஆல்பத்தைத் திட்டினாலும் டிரம்ஸைப் பாராட்டாம விடலை. நீங்க ஒருத்தர்தான் வாயே திறக்கலை. ஒரு வரி எழுதினா பேனா தேஞ்சு போயிடுமா?"

சவரம் முடிந்தும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தபால்காரரும் கணக்கு வாத்தியாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆதரவு கிடைத்ததும் மன்றத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த விமர்சகரும் சின்ன வயதில் டிரம்ஸ் வாசித்துப் பார்த்தாராம், கை வரவில்லையாம். அந்த வயிற்றெரிச்சல்தான் இப்படி வெளியே வருகிறது என்றார்.

விமர்சகர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். கத்தி கழுத்தில் இருந்ததால் மறுபடியும் மூடிக்கொண்டார்.

"அதானே பார்த்தேன், வயித்தெரிச்சலா?" என்றார் வாத்தியார். தபால்காரர் த்சொ த்சொ என்றார். விஷயம் தெரிந்துவிட்ட திருப்தியில் இருவரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார்கள்.

விமர்சகருக்கு அவமானமாக இருந்தது. இனி இந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நினைத்தபடி எழுந்தார். மன்றம் ஒரு சின்னப் பையில் கத்தி, பிரஷ், துண்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஒரு நிமிஷம் சார். நான் இப்போ டிரம்ஸ்காரர் வீட்டுக்குத்தான் போறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் அவருக்கு ஷேவிங் பண்ணிவிடறேன். வலது கையால இன்னும் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலை."

விமர்சகர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மன்றம் அதைக் கவனித்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"அவரோட அடி எப்பவும் ஒரு மயிரிழை லேட்டாத்தான் விழும். அதுதான் அழகு" என்றார் விமர்சகர். "இந்த ஆல்பத்துல ஒரு அடிகூடப் பிசகலை. கம்ப்யூட்டர்தான் அப்படி வாசிக்கும். பிரமாதம்னு எழுதினா பொய். உண்மையை எழுதினா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

மற்ற மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை அது என்று மன்றம் சொன்னார். அட்டையில் அவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்களாம். ஒரு வருஷத்தில் கை திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். தான் இன்னும் டிரம்ஸ்காரன்தான் என்ற நினைப்பில்தான் அவர் தினமும் எழுந்து உட்கார்ந்து கைக்குப் பயிற்சி செய்கிறார். ஆனால் யாராவது போன் பண்ணி வாசிப்பைப் பாராட்டிவிட்டால், அன்றைக்கு முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம்.

"உங்க விமர்சனத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு சார். கேட்டுட்டுச் சிரிச்சாரு. 'ஒருத்தருக்காவது என் கை ஞாபகம் இருக்கு, பார்த்தா நன்றி சொல்லு'ன்னாரு."

அப்புறம்தான் விமர்சகருக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா என்னை அந்தக் கிழி கிழிச்சீங்க? நான் எந்தக் காலத்துலங்க டிரம்ஸ் வாசிச்சேன்?"

"மன்னிச்சுக்கங்க சார். எல்லாரும் எழுதியிருக்கும்போது இவர் மட்டும் ஏன் எழுதலைன்னு வாத்தியார் நேத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. கணக்கு வாத்தியார், விடை வர்ற வரைக்கும் விடமாட்டாரு. அதான் நானே ஒரு விடையைச் சொல்லி அனுப்பிட்டேன்."

விமர்சகர் காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கே என்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி?"

"சனிக்கிழமை காலையில சார். உட்கார இடம் இருக்காது. ஏன்?"

"அப்போ சனிக்கிழமையே வர்றேன். நல்லா சத்தமாத் திட்டுங்க."