மீட்டர் பெட்டிக்கு ஒரு பூட்டு

பூட்டு விழுந்ததும் வார்த்தினி அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

இழுத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இழுத்தாள்.

எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் மின்மீட்டர் வாசல் சுவரில்தான். அதன் அடியில் வீட்டின் மொத்த மின்சாரத்துக்கும் ஒரே சுவிட்ச். மின்சாரக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் அது தானாக விழும். வெளியே வந்து தூக்கிவிட்டுப் போவோம். போகிற போக்கில் யாராவது ஒரு விரலால் தட்டினாலும் விழும்.

வார்த்தினி வீட்டில் அது தானாக விழவில்லை. குக்கரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் அவள் இஸ்திரி போட உட்காருவாள். அப்படியும் மத்தியானம் ஆனால் மின்விசிறி நின்றுவிடும். வேர்த்து விழித்து வெளியே ஓடினால் சுவிட்ச் கீழே கிடக்கும். சந்தில் ஈ காக்கை இருக்காது.

யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சுமிரா.

போன மழைக்காலத்தில் துணிக்கொடியை யார் கூரைக்குக் கீழே கட்டுவது என்று ஆரம்பித்த சண்டை. நோன்புப் பெருநாளன்று எங்கள் சந்தே வீடு வீடாகப் போய்க் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கும். அன்றுகூட இவர்கள் இரண்டு பேரும் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

சுமிரா விடிவதற்கு முன்பே எழுந்து வாழைப்பழமும் தெம்பே என்கிற சோயா வில்லையும் பொரித்து விற்கிறவள். அப்படிப்பட்டவள் மத்தியானத்தில் ஏன் கண்ணை மூடுவதில்லை? ஒன்றுக்கு ஒன்று சேர்த்துப் பார்த்த வார்த்தினி, நேராகச் சந்துத் தலைவரிடம் போய்விட்டாள்.

"நான் கொஞ்சம் கண்ணசர்ற நேரமாப் பாத்து அணைக்கறா, தலைவரே. சுவத்துல காத வச்சு வேவு பாக்கறா."

தலைவர் கூண்டுக்குள் இருந்த பறவைக்குத் தீனி வைத்துக்கொண்டே, ஒரு தகரப் பெட்டி அடித்துப் பூட்டிக்கொள் என்றார். எந்த வழக்கானாலும் அவர் பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமல்தான் தீர்ப்புச் சொல்வார்.

இன்று பெட்டி வந்துவிட்டது. பூட்டும் வந்துவிட்டது.

வார்த்தினி தரையில் போர்வையை மடித்து விரித்து உட்கார்ந்தாள். விடியற்காலையிலிருந்து பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு கழுவிய கை, இன்னும் ஊறிப்போய் இருந்தது. எதிரே சலவைக் கடையின் மூட்டை. ஒரு சட்டை கருகினாலும் கடைக்காரர் மூட்டையை அடுத்த சந்துக்குக் கொடுத்துவிடுவார். அவளுடைய இஸ்திரிப் பெட்டிக்கோ சூட்டைக் குறைக்கும் திருகு உடைந்து வெகுகாலம் ஆயிற்று. அதற்குத் தெரிந்தது ஒரே சூடு.

தேய்த்தாள், ஓட்டுத் துண்டின்மேல் டக்கென்று வைத்தாள். தேய்த்தாள், டக்கென்று வைத்தாள்.

இன்றைக்கு யாரும் தொட முடியாது. நினைக்கவே நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்தால் தூக்கமும் வந்துவிடும். அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பிளைவுட் சுவரில் தலையைச் சாய்த்தாள், ஒரே ஒரு நிமிடம்.

அந்தச் சுவர் அவள் காதுக்குள் இடிந்து விழுந்தது.

விழவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ குழவியால் இடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சண்டைக்கே வந்துவிட்டாள் என்று திட்டுவதற்கு வாயைத் திறந்தாள் வார்த்தினி. புகை உள்ளே போனது.

இஸ்திரிப் பெட்டி ஒரு பாத்திக் சட்டையின் முதுகில் குப்புறக் கிடந்தது. போர்வையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியைச் சிமென்டுத் தரைக்குத் தள்ளினாள். பிறகுதான் வாளித் தண்ணீரைப் போர்வையில் கவிழ்த்தாள். அந்தப் புத்தியாவது தூங்காமல் இருந்ததே.

கதவைத் திறந்தபோது சுமிரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குழவி. இன்னொரு கையில் நகம் பிய்ந்து ரத்தம். சுவரில் புதுத் தகரப் பெட்டியின் ஓரம் வளைந்திருந்தது. பூட்டு அப்படியே இருந்தது.

"டக்கு டக்குன்னு கேட்டுட்டே இருந்துச்சு. நின்னுபோச்சு," என்றாள் சுமிரா. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "சத்தம் நின்னா நீ தூங்கிட்டேன்னுதானே அர்த்தம்? எப்பவும் வந்து சுவிட்சைத் தட்டிட்டுப் போயிடுவேன். இன்னைக்குப் பூட்டிட்ட."

வார்த்தினிக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைவரிடம் சொன்னது, சந்தெல்லாம் சொன்னது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, சாவியை நீட்டினாள்.

சுமிரா சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். பெரிதாக ஒன்றும் நடந்துவிட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. குழி விழுந்த கண்ணால் வார்த்தினியின் தோளுக்குமேல் எட்டி, உள்ளே கிடந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு கெடக்கு?"

"பாதி மூட்டை இருக்குக்கா."

சுமிரா கொட்டாவி விட்டாள்.

"சீக்கிரம் முடிச்சுத் தொலை. நானும் ஒரு நாளாவது மத்தியானம் படுக்கணும்."